கதவு வரை நடந்த நர்ஸ்

டெல்லி கரோல் பாக்கில் பழைய சாமான் விற்கும் கபாடிக்காரரிடம் தகர டப்பாவோடு வாங்கிய பிலிம் சுருள் அது. ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக்காக எடுத்த, சத்தமில்லாத கறுப்பு வெள்ளைப் படம். பாதிக்குமேல் பூஞ்சை. தேறிய பகுதியில் ஓர் இளம் நர்ஸ், கையில் மருந்துத் தட்டோடு நீண்ட வராந்தாவில் நடந்து வருகிறாள். கடைசிக் கதவை நெருங்கும்போது ஒரு கணம் கேமராவைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையில் வெட்டி, மறுபடி வராந்தாவின் தொடக்கத்தோடு ஒட்டினேன். கண்காட்சித் திரையில் நாள் முழுக்க நடப்பாள், உள்ளே போக மாட்டாள். பெண்களின் வேலைக்கு முடிவே இல்லை என்று அர்த்தம். பார்த்தவர்கள் எல்லாரும் அந்த வெட்கப் பார்வையைப் பாராட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது.

கண்காட்சிக்கு வந்த ஒரு பள்ளி ஆசிரியை, "இது எங்க அம்மால்லா!" என்றார். அம்மா கிட்வாய் நகரில் மகளோடுதான் இருக்கிறாராம். எனக்கு ஒரே குஷி. கட்டாயம் அழைத்து வாருங்கள் என்றேன்.

அம்மா வந்தார். காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்து, தான் நடப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன், காணோம்.

"நான் எப்பம்மா உள்ள போவேன்?"

போக மாட்டீர்கள், அதுதான் இந்தப் படத்தின் பொருளே என்று என் வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தக் கதவுக்குப் பின்னால ஆபரேஷன் முடிஞ்ச சின்னப் புள்ள அழுதுட்டுக் கெடந்துச்சு. வலிக்கு ஊசி போடணும். படம் புடிக்கவன் 'ஃபிர் ஸே, ஃபிர் ஸே'ன்னு மூணு தடவ திருப்பி நடக்கவுட்டான். அடுத்த தடவ அவன ஒரு மொற மொறச்சுட்டு உள்ள போயிட்டேன். அதான் இது."

"அப்ப, அது வெட்கம் இல்லியா?"

"வெக்கமா? நல்லாருக்கே! அவனாவது மூணு தடவ. நீ காலையில இருந்து எத்தன தடவம்மா திருப்பி அனுப்புத?"

சுருக்கென்றது. கோபமும் வந்தது. நான் செய்ததிலேயே நல்ல வேலை இது. இதே வடிவில் கொல்கத்தாவில் காட்டவும் பேசி வைத்திருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஒருவர் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவதா?

வீட்டுக்கு வந்து, ஒன்றுமில்லை என்று வெட்டிப்போட்ட மிச்சத்தை ஓடவிட்டேன். தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறாள். கதவு ஆடி ஆடி நிற்கிறது. அவ்வளவுதான்.

அதைச் சேர்த்தேன். கதவு நின்றதும் திரை இருண்டுவிடும். ஒரு நாளைக்கு ஒரு முறைதான் ஓடும் என்றும் எழுதி ஒட்டினேன். கொல்கத்தாக்காரர்கள் அப்படியானால் வேண்டாம் என்றுவிட்டார்கள். எனக்கு வருத்தம்தான்.

புதுப் படத்தை ஆசிரியையின் போனுக்கு அனுப்பினேன். மாலையில் அம்மாவின் குரல் பதிவாகி வந்தது.

"பாத்தேம்மா. போயிட்டேன்லா."