உப்பு வரிசை நெல்

பிரஷாந்தி என்ற பெயரைக் கண்ணகை முதன்முதல் கேட்டது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, ஓர் அகதி முகாமின் வேலியடியில். உள்ளே நின்ற தம்பி நல்லரத்தினம், "அக்கா, பொம்புளைப் புள்ள. பிரஷாந்தி எண்டு வைச்சிருக்கு" என்று கத்தினான்.

"என்ன பேருடா இது, நம்மட குடியில ஆருக்கும் இல்லாத பேரு?" என்று இவளும் கத்தினாள். குடி தாய்வழியில் வருவது, பிள்ளை தாயின் குடியல்லவா என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது.

அந்தப் பிள்ளைதான் முப்பது வயதில் பன்னிரண்டு சட்டி நெல்லோடு சித்தாண்டிக்கு, மாமி கண்ணகையின் வளவுக்கு வந்து சேர்ந்தாள். அவள் ஆராய்ச்சி செய்கிற கம்பஸில் செடி வளர்க்கிற கூடத்தின் கூரையைக் காற்று கொண்டுபோய்விட்டது. ஆறு சட்டிக்குக் கிணற்றுத் தண்ணீர், ஆறு சட்டிக்கு உப்புக் கரைத்த தண்ணீர்.

"இதில என்ன கண்டுபிடிக்கப் போறாய் புள்ள?"

"நெல்லுக்குள்ள டி.என்.ஏ எண்டு ஒரு நூல் இருக்கு மாமி. சரியான நீளம். ஹிஸ்டோன் எண்ட குட்டி உருண்டையளில சுத்தித்தான் அடைஞ்சு கிடக்கு. அந்த உருண்டையில அசெற்றைல் எண்ட ஒரு ரசாயனத் துண்டு வந்து ஒட்டினா சுத்து இளகும். இளகின இடத்தைத்தான் நெல்லு வாசிக்கும். உப்புப் பட்டா எந்த இடம் இளகுது எண்டு பாக்கிறன்."

அலுமாரியில் இறுக்கி அடுக்கிய சீலைகளைக் கண்ணகை நினைத்துக்கொண்டாள். இளக்கினால்தானே உள்ளே கிடப்பதை உருவலாம்.

இது மூன்றாந் தடவை. முதல் தடவை எடுத்த இலைகள் மின்வெட்டில் குளிர்ப்பெட்டிக்குள்ளேயே கெட்டன. இரண்டாந் தடவை, அந்த அசெற்றைல் துண்டைத் தேடிப் பிடிக்கிற மருந்து வெளிநாட்டிலிருந்து வரும் வழியில் ஒன்பது நாள் சூட்டில் கிடந்து பழுதாகிவிட்டது. ஆராய்ச்சிப் பட்டத்துக்கான பதிவு மார்கழியோடு முடிகிறது. இதுவும் சரிவராவிட்டால் பட்டம் இல்லை.

உப்பு ஊற்றிய ஐந்தாம் நாள் இலையை வெட்டி, வெட்டிய கையோடு உறைய வைக்க வேண்டும். அதற்குத் திரவ நைதரசன் வேண்டும். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்களிடம்தான் அது இருக்கும். விடியவே பிரஷாந்தி அதை வாங்கிவரும் கானை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்ட, பக்கத்து வளவு அன்னப்பூரணி வேலியால் எட்டிப் பார்த்தாள்.

"என்னகா கண்ணகை, மருமகள் மாட்டுக்கு ஊசி போடவும் தொடங்கிட்டாளோ?"

"அதிலயாவது ஒரு பட்டம் தரட்டும்" என்றாள் பிரஷாந்தி, சிரிக்காமல்.

நைதரசன் லொறி மத்தியானந்தான் வந்தது. அதுவரை அவள் அங்கே வெயிலில் நின்றாள். இங்கே உப்பு வரிசை சுருண்டு ஊசி ஊசியாய் நின்றது. நாற்பது போகம் வட்டையில் இறங்கி நெல் நட்ட கண்ணகைக்கு அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. கிணற்றில் அள்ளிச் சட்டி நிறைய நிறைய ஊற்றிவிட்டாள்.

"மாமி, உப்புச் சட்டியை ஆர் தொட்டது?" என்றாள் கானோடு திரும்பி வந்த பிரஷாந்தி.

"நான்தான். பார், எப்பிடி நிமிந்திட்டு."

"நிமிந்ததுதான் பிரச்சினை! உப்புக்கு ஒட்டினது நல்ல தண்ணியக் கண்டதும் கழண்டிருக்கும். இனி நான் எதைப் பாக்கிற? தொடாதேங்கோ எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனே!"

"சொன்னாய்தான். அதுக்காகக் கண்ணுக்கு முன்னால சாகவா விடுற?"

"ஓம் மாமி! சாகத்தான் விட வேணும்!"

அப்படிச் சொல்லிவிட்டு, புகைகிற கானுக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்தாள். பிறகு எழும்பி இலைகளை வெட்டினாள். வெட்டாமல் விட மனமில்லை. இரண்டு மாதம் பரிசோதித்தும் இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உப்பு ஒன்றும் செய்யவில்லையா, தண்ணீர் அழித்துவிட்டதா என்று சொல்ல ஆளில்லை. இதை ஏற்க முடியாது என்றார் பேராசிரியர்.

"நான் வந்து பேராசிரியர் சேரிட்டச் சொல்லட்டா, நான்தான் ஊத்தினன் எண்டு?" என்று கண்ணகை கேட்டாள்.

"ஆய்வில என்னெண்டு எழுதுற மாமி? மாமிக்குப் பாவமாப் போச்சு எண்டா?"

மார்கழியில் பதிவு முடிந்துபோனது. நீட்டித் தரவில்லை. இப்போது பிரஷாந்தி மாங்கேணிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். அங்கேயே ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறாள்.