தகரப் பெட்டி நகர்ந்த தூரம்

யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின், கண்டக்குழிக் கடற்கரையில் மூன்று தகடுகளைப் பொருத்திய பெட்டி ஒன்றை நிறுத்தினோம். செய்மதியின் ராடார் படத்தில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். நில அளவைக்காரர்களான நாங்கள் தரையில் அளந்த இடத்திலேயே புள்ளி விழுந்தால் படத்தை நம்பி வரைபடம் கீறலாம்.

படம் வந்தபோது புள்ளி ஒன்பது மீற்றர் தெற்கே கிடந்தது. படம் பிழை என்று அறிக்கை எழுதினேன். அது என் முதல் அறிக்கை. அனுப்புமுன் இடத்தை ஒருமுறை பார்க்கப் போனேன்.

அந்தக் கரையில் வலை இழுப்பிக்கும் கரைவலைச் சம்மாட்டி என்னைக் கண்டதும் சிரித்தார்.

"வலைக் கயிறு உங்கட பெட்டியில சிக்கிச்சு தம்பி. போன மாசமே தூக்கித் தள்ளி வெச்சோம். முகத்த மட்டும் திருப்பல்ல, நீங்க வெச்ச பக்கம்தான் பாக்குது."

"ஏன் நானா, எங்களுக்குச் சொல்லல்ல?" என்றேன். அங்கே மூத்தவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவோம்.

"சொல்றதுக்கு அது என்ன, பள்ளிவாசல் மினாராவா?"

படம் எடுத்தது போன கிழமைதான், பெட்டி நகர்ந்த பிறகு. நாடாவைப் பிடித்து, பெட்டி முதலில் நின்ற பழைய குழியிலிருந்து அளந்தேன். ஒன்பது மீற்றருக்கு நாலு விரல் குறைவு. படம் சரியாகத்தான் இருந்தது.

"மேல இருந்து எடுத்த படத்தில எல்லாம் தெரிஞ்சிட்டா?" என்றார்.

"ஓம் நானா, நீங்க தூக்கினதும் தெரிஞ்சிட்டு."

அவர் ஆட்கள் பெட்டியைக் கயிறு எட்டாத மேட்டுக்குத் தூக்கித் தந்தார்கள். அங்கேயே புதிதாக அளந்து, அறிக்கையை முதல் வரியிலிருந்து மாற்றி எழுதினேன்.