அவசரம் லேது

என் அண்ணியின் கர்ப்பப்பையை எடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எடுக்க விட்டேன்.

ஒன்பது வருடங்களாக இதை யாரிடமும் சொன்னதில்லை. நாளைக் காலை எனக்கு அதே அறுவைச் சிகிச்சை. அதனால் இன்று உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியாதவர், அண்ணியையும் அறியாதவர். உங்களிடம் சொன்னால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை... பாருங்கள், குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதுகூட பத்திரமான இடமாகப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

அண்ணி பக்கத்து அறையில்தான் இருக்கிறார். என் நைட்டிகளை மடித்துக்கொண்டிருக்கிறார். முன்பக்கம் பொத்தான் வைத்தவை மட்டும். தலை வழியாகப் போடுவது முதல் வாரம் சிரமமாம். மருத்துவமனைத் தாளில் அது இல்லை. பட்டவருக்குத்தானே தெரியும்.

எங்கள் வீடு லோத்குண்டாவில். நான் கணக்கு டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறேன். அண்ணனுக்கு குஷாய்குடா பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. தாத்தா காலத்திலிருந்து செகந்திராபாத்தில் இருப்பவர்கள் நாங்கள். வாய் திறந்தால் தமிழில் தொடங்கி தெலுங்கில் போய் உருதுவில் முடிப்போம். அண்ணி தென்காசிப் பக்கத்துப் பெண். ஒன்பது வருடத்துக்கு முன், இங்கே வந்து பன்னிரண்டு வருடமாகியும் அவருக்குத் தெரிந்த தெலுங்கு, காய்கறிப் பெயர்களும் எண்களும்தான். வெளியே போனால் நான்தான் அவருக்கு வாய்.

அப்போது அவருக்கு முப்பத்தேழு வயது. ஒரே பெண் திவ்யா, பத்து வயது. மாதம் பிறந்தால் அண்ணிக்கு ஐந்தாறு நாள் விடாத உதிரப்போக்கு. சுருண்டு படுத்துவிடுவார். அந்த நாட்களில் சமையல், திவ்யாவின் டிபன் டப்பா, துணி எல்லாம் என் தலையில். முதல் வருடம் மனமுவந்து செய்தேன். இரண்டாம் வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன்.

அந்த வருடம் எனக்கு மஸ்கட்டில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. முப்பத்தைந்து வயதில் முதன்முறையாக எனக்கென்று ஒரு வாசல் திறந்தது. ஆகஸ்டில் போய்ச் சேர வேண்டும். அண்ணன் ஒரே வரியில் சொல்லிவிட்டான்: "உங்க அண்ணி இப்படிப் படுத்திருக்கிறப்போ நீ எப்படிப் போவே?"

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அன்றிலிருந்து அண்ணியின் வயிற்றின் மேல் எனக்கு ஒரு கோபம்... ஆம், வயிற்றின் மேல்!

மருத்துவரிடம் போக அண்ணனைக் கூப்பிட்டபோது, "லேடீஸ் விஷயத்துக்கு நான் கைக்கு, எதுக்கு? நீயே கூட்டிட்டுப் போ" என்று ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த மருத்துவர் வயதான அம்மாள், தெலுங்கு மட்டும்தான் பேசினார். ஸ்கேன் ரிப்போர்ட்டை நிதானமாகப் பார்த்தார். சிறிய கட்டி இரண்டு. பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "ஆபரேஷன் அவசரம் லேதம்மா. மந்துலதோ தக்குதுந்தி."

தெலுங்கில் 'அவசரம்' என்றால் தேவை. அறுவை தேவையில்லை, மருந்திலேயே குறைந்துவிடும் என்றார் அவர்.

தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியும்தானே?

அண்ணி என் பக்கம் திரும்பினார். "அவசரம் இல்லன்னு சொல்லுதாவ, என்ன? அதுவரைக்கும் மருந்து சாப்பிடணும் போல. அப்போ ஆபரேஷன் எப்ப வச்சுக்கிடலாம் சுதா?"

ஒரு நொடி. ஒரே ஒரு நொடிதான் எனக்குக் கொடுக்கப்பட்டது. 'அப்படி இல்லை அண்ணி, ஆபரேஷனே வேண்டாமாம்' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகிவிடும்?

"கோடை லீவுல வச்சுக்கலாம் அண்ணி" என்றேன்.

மே மாதம் அறுவை. ஆறு வாரம் ஓய்வு. ஜூலையில் அவர் எழுந்து நடமாடுவார், ஆகஸ்டில் நான் விமானம் ஏறலாம். இந்தக் கணக்கு அந்த நொடியிலேயே என் தலைக்குள் போட்டு முடிந்திருந்தது. கணக்கு டீச்சர் அல்லவா...

நான் பொய் சொல்லவில்லை என்று பல வருடம் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். அவர் தப்பாகப் புரிந்துகொண்டார், நான் திருத்தவில்லை, அவ்வளவுதானே? இல்லை. அவ்வளவு இல்லை. அந்த அம்மாள் எழுதித் தந்த மருந்துச் சீட்டை மடித்து என் கைப்பையின் உள்ஜிப்பில் போட்டேன். அடுத்த மாதம் சைனிக்புரி பக்கம் வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ஸ்கேனை மட்டும் காட்டினேன். "வேறு எங்காவது காட்டினீர்களா, மருந்து எடுத்தீர்களா?" என்று அங்கே கேட்டார்கள். "எல்லாம் பார்த்தாகிவிட்டது, எடுத்துவிடலாம் என்றார்கள்" என்று நான்தான் தெலுங்கில் பதில் சொன்னேன். பக்கத்தில் அண்ணி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இன்னும் குழந்தை வேண்டுமா என்றும் அந்த மருத்துவர் கேட்டார். கையால் குழந்தையை ஏந்துவதுபோலக் காட்டி, அண்ணியிடமே கேட்டார். அண்ணி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது சொன்னார்: "திவ்யாவுக்கு ஒரு துணை வேணும்னு இருந்தேன். எடுத்துத்தான் ஆகணும்னா ஆசைப்பட்டு என்ன செய்ய?"

நான் கையை நீட்டி ஆட்டோவை நிறுத்தினேன்.

அதன்பின் நான் காட்டிய அக்கறையைக் கேளுங்கள். மருத்துவமனை கொடுத்த தாளை வரிக்கு வரி தமிழில் எழுதிக் கொடுத்தேன். முன்னிரவிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. வளையல், மெட்டி, நகப்பூச்சு எதுவும் இருக்கக் கூடாது. சிறுநீருக்குக் குழாய் வைத்திருப்பார்கள், மறுநாள் எடுத்துவிடுவார்கள், பயப்பட வேண்டாம். மறுநாளே நடக்க வைப்பார்கள். சில வாரங்கள் பழுப்பு நிறத்தில் கசியலாம். காய்ச்சலோ அதிக உதிரமோ துர்நாற்றமோ இருந்தால் உடனே வர வேண்டும். ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது, தண்ணீர்க் குடம்கூட. ஒரு வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தேன். என்னிடம் இருந்த நேர்மை முழுவதையும் அந்தத் தாளில் கொட்டினேன்.

கடைசி வரியை வாசித்துக் காட்டினேன். "சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வரலாம்."

"காரணம் இல்லாமலா?" என்று கேட்டார் அண்ணி. நான் தாளை மடித்தேன்.

அழுதார். வீட்டுக்கு வந்து பத்தாம் நாளிலிருந்து, திவ்யாவுக்குத் தலைபின்னும்போது, அரிசி களையும்போது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது. நான் அவருக்குக் கஞ்சி வைத்தேன், கால் பிடித்துவிட்டேன், குளிப்பாட்டினேன். தெருவே என்னை மெச்சியது. "நாத்தனார் இல்ல, கூடப் பிறந்தவ" என்று அண்ணி எல்லோரிடமும் சொன்னார். ஆகஸ்டில் நான் மஸ்கட் போனேன். இரண்டு வருடம் இருந்தேன். அங்கே எடுத்த படங்களிலெல்லாம் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி வந்தபோது அண்ணி தெலுங்கு பேசிக்கொண்டிருந்தார். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் திவ்யாவை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வார்? ஒருநாள் காய்கறி வண்டிக்காரரிடம், "கவர் அவசரம் லேதண்டி" என்றார். சரளமாக, யோசிக்காமல். பை தேவையில்லை என்கிறார்...

என் கையிலிருந்த தக்காளி கீழே விழுந்தது. தெரிந்துவிட்டதா? அன்றைக்கு அந்த அம்மாள் சொன்னது நினைவு வந்திருக்குமா? அவர் தக்காளியைப் பொறுக்கிக் கூடையில் போட்டார். முகத்தில் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து அந்த முகத்தைத் தினமும் படிக்கிறேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது எனக்கு நாற்பத்து நான்கு. இரண்டு வருடம் மருந்து எடுத்தும் எனக்குக் குறையவில்லை. ரத்தம் குறைந்து பள்ளியில் இருமுறை மயங்கி விழுந்தேன். போன வாரம் மருத்துவரைப் பார்க்கப் போனபோது அண்ணிதான் உடன் வந்தார். அறுவைதான் வழி என்று மருத்துவர் சொன்னதும், நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் தெலுங்கில் கேட்டார்: "தப்பகுண்டா தீயாலா மேடம்? மந்துலதோ தக்கதா?"

கட்டாயம் எடுக்க வேண்டுமா? மருந்தில் குறையாதா?

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அண்ணி விடவில்லை. வேறு சின்னச் சிகிச்சை இல்லையா, இன்னும் ஆறு மாதம் பார்க்கலாமா, சினைப்பையை விட்டுவைப்பீர்களா... மூன்று முறை, நான்கு முறை கேட்டார். நான் அவருக்காக ஒருமுறை கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். நான் மேசைமேல் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேதி எதுவும் கண்ணில் படவில்லை.

ஆட்டோவில் வரும்போது சொன்னேன், "எதுக்கு அண்ணி அவ்வளவு கேட்டீங்க? டாக்டருக்குக் கோபம் வந்திருக்கும்."

"கேக்கணும்லா? உறுப்புன்னா சும்மாவா?" என்றவர், என் கைமேல் கை வைத்தார். "அன்னைக்கு எனக்குப் பாஷை தெரியாது. எனக்காக நீ கேட்டேல்லா, அது மாதிரிதான்."

சொல்லியிருக்க வேண்டியது அப்போதுதான். கன்டோன்மென்ட் சாலையில் சிக்னல் விழுந்து ஆட்டோ நின்றிருந்தது. பேச நிறைய நேரம் இருந்தது. நான் வாயைத் திறந்தேன் என்றுகூட நினைக்கிறேன். அவர் கையை எடுக்கவில்லை. சிக்னல் மாறியது.

ஏன் சொல்லவில்லை? அவர் மனம் உடைந்துவிடும் என்றா? அண்ணன் என்ன நினைப்பான் என்றா? திவ்யா முகத்தில் விழிக்க முடியாது என்றா? இத்தனை வருடம் இவற்றைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவையெல்லாம் கேட்க நன்றாக இருக்கின்றன.

உண்மையை இன்று மத்தியானம் கண்டுபிடித்தேன். அட்மிஷன் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். நோயாளியுடன் தங்குபவர் யார் என்று ஒரு கட்டம். அண்ணியின் பெயரை எழுதினேன். வேறு யார் பெயரை எழுத முடியும்? எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இப்போது அவர் என் கட்டிலுக்கு வந்து, எப்படி எழ வேண்டும் என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். முதலில் பக்கவாட்டில் திரும்பணும், கையை ஊன்றணும், அப்புறம்தான் காலைத் தொங்கவிடணும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடிக்கணும். என் தோளைப் பிடித்து இரண்டு முறை செய்ய வைத்தார். "நான் இருக்கேன், பயப்படாத" என்றார்.

தையல் ஆறட்டும், ஆறு வாரம் போகட்டும், அப்புறம் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். உங்களுக்குப் புரிகிறதா, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று?

சொன்னால் அவர் நாளை வரமாட்டார். அவர் வராவிட்டால் என்னை எழுப்பி நடக்க வைக்க ஆள் இல்லை. அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.