அப்பாவும் மாமாவும் மோதினால்

கல்லறையில் கிடப்பவர்களை எழுப்பிச் சண்டைக்கு விடுவதில் என் பெரியப்பாவுக்கு அலாதிப் பிரியம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வடக்கே கோர்படியில் எங்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவியதும், அந்தக் காலத்துக் குத்துச்சண்டை உலகச் சாம்பியன் ஒருவரையும் இந்தக் காலத்துச் சாம்பியன் ஒருவரையும் ஒரே மேடையில் ஏற்றிவிடுவார். வர்ணனை இந்தியில் நடக்கும். எவர்சில்வர் தட்டில் கரண்டியால் அடிப்பதுதான் மணி. வாழ்நாளில் ஒருவர்மேலும் கை ஓங்காத மனிதர். பெரியம்மா கூப்பிட்டால் பாதி ரவுண்டில் எழுந்து ஓடுவார்.

அந்த வருஷம் வெளிநாட்டுக்காரர்கள் அவருக்கு அலுத்துப்போனார்கள். எங்கள் குடும்பத்திலேயே இரண்டு சாம்பியன்கள் இருந்தார்களே. அப்பா பட்டாளத்தில் இருந்தபோது தன் எடைப் பிரிவில் பல வருஷம் தோற்காதவர். இப்போது போசரியில் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டியாக இருந்தார். அம்மாவின் தம்பியான என் மாமா மாநிலச் சாம்பியன். அகில இந்தியப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அன்றைய அப்பாவும் இன்றைய மாமாவும் மோதினால் யார் விழுவார்கள்? பெரியப்பா வாராவாரம் மோதவிட்டார்.

மற்றவர்களுக்கு அது சிரிப்பு. எனக்கு அப்படி இல்லை. யாராவது ஒருவர் விழுந்தாக வேண்டும். விழுவது யாராக இருந்தாலும் எனக்கு வேண்டியவர். நீ யார் பக்கம் என்று பெரியப்பா கேட்பதற்கு முன்பே பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்துகொள்வேன்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அப்பா இப்போது சிரிப்பதில்லை. முதலில் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவர், வர்ணனை தொடங்கியதும் மேசைக்கு அடியில் விரல்களை மடக்குவார். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்குத் தெரியும். வேறு விஷயங்களும் மாறியிருந்தன. டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் தளும்பும். பேச்சு குழறியது. நடை தள்ளாடியது. அப்பா குடிக்கத் தொடங்கிவிட்டார் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் வேலை முடிந்து வந்தவர், எங்கள் கட்டடத்தைத் தாண்டி நடந்துகொண்டே போனார். நைட் டியூட்டி அலுப்பு என்று அம்மா சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தோம். பெரியப்பா தட்டில் மணியடித்து முதல் ரவுண்டைத் தொடங்கினார். மாமா சிரித்துக்கொண்டே எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அப்பா எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. தாடையை நெஞ்சில் பதித்து, இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு மாமாவை நோக்கி நகர்ந்தார். நடையில் தள்ளாடுபவருக்கு அந்த நகர்வில் ஒரு பிசகும் இல்லை. மாமாவை நான் கேள்விப்படாத ஏதோ பெயர் சொல்லி, இந்தியில் வாடா என்று அழைத்தார். வீட்டில் எங்களிடம் அப்பா இந்தி பேசியதே இல்லை. என் அப்பாவின் உடம்புக்குள் வேறு யாரோ வந்துவிட்டதாக நினைத்தேன்.

மாமாவும் எழுந்தார். பழக்கத்தில் அவர் கைகளும் மேலே போயின. அப்பாவின் கண்களைப் பார்த்தார். கைகளைக் கீழே போட்டுவிட்டார்.

முதல் குத்து கன்னத்தில் விழுந்தது. அடுத்தது வாயில். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அம்மா அப்பாவின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். அவர் அதை உணரவே இல்லை. மாமா நினைத்திருந்தால் தள்ளிவிட்டிருக்கலாம். சுவரில் சாய்ந்தபடி வாங்கிக்கொண்டு, "அண்ணாச்சி, மணி அடிங்க," என்றார்.

பெரியப்பா கரண்டியைப் பிடித்தபடி மரம்போல உட்கார்ந்திருந்தார்.

"பிள்ள, நீ அடி," என்றார் மாமா என்னிடம்.

கரண்டியைப் பிடுங்கித் தட்டில் ஓங்கி அடித்தேன்.

அப்பா நின்றார். கைகள் தாமாக இறங்கின. திரும்பி நடந்து, மூலையில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கால்களை அகட்டி, கண்களை மூடி வாயைத் திறந்தார். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. மாமாவுக்கு மட்டும் புரிந்தது. தன் ரத்தத்தைத் துடைக்காமல் அவர் முன் மண்டியிட்டு, வாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். துண்டால் முகத்தையும் கழுத்தையும் ஒற்றினார்.

"எத்தனாவது ரவுண்டு?" என்று கேட்டார் அப்பா. இப்போது தமிழில்.

"கடைசி ரவுண்டு அத்தான். முடிஞ்சிட்டு. நீங்கதான் ஜெயிச்சீய."

மாமா அப்பாவின் வலது கையைத் தூக்கிப் பிடித்தார். நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

அந்த வாரமே மாமா அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். லீவு நாளானதால் என்னையும் கூட்டிப்போனார்கள். ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர் மாமாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கதவு சரியாகச் சாத்தவில்லை. இத்தனை வருஷம் தலையில் வாங்கிய அடிகள், மெதுவாகத்தான் தெரியும், இனிச் சரியாகாது என்று டாக்டர் சொன்னது என் காதிலும் விழுந்தது. அப்பாவை மாமா அடிக்கவே இல்லையே, இவர் என்ன உளறுகிறார் என்று நினைத்தேன். மாமா கேட்டார்: "எத்தனை வயசுல ஆரம்பிக்கும், டாக்டர்?"

அதற்கு வந்த பதில் எனக்குக் கேட்கவில்லை.

மாமா அகில இந்தியப் போட்டிக்குப் போகவில்லை. பயிற்சிக்கும் போகவில்லை. வேலை தேடிக்கொண்டு சாங்விப் பக்கம் குடிபோனார். பள்ளியில் எல்லாரிடமும் நான் பெருமையாகச் சொன்னேன்: என் அப்பாவைப் பார்த்துப் பயந்துதான் மாமா பாக்ஸிங்கை விட்டுவிட்டார் என்று. எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.