எல்லை தாண்டி வாங்கிய பெட்ரோல்

புத்தலப்பட்டு பங்கில் பெட்ரோல் போடும் ஒரு பெண்மணியை நான் நன்றியோடு நினைக்காத நாளில்லை. அவருடைய வேலையைப் பறித்ததும் நான்தான்.

சித்தூரில் பலர் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஆந்திரத்தில் வரி அதிகம். வேலூர் சாலையில் எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டு பங்கில் லிட்டருக்குச் சில ரூபாய் குறையும். ஓய்வூதியம் வாங்கும் எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை, வெறும் சாமர்த்தியம். ஸ்கூட்டரை நிரப்பிக்கொண்டு, கூடாதென்று தெரிந்தும், பிளாஸ்டிக் கேனிலும் வாங்கி வருவேன்.

அன்று மனைவியைத் திருப்பதியில் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். புத்தலப்பட்டு நெருங்கும்போது டாங்க் காலியாகிவிட்டது. ஓரமாக நிறுத்திக் கேனிலிருந்து ஊற்றினேன். அது போதாதென்று அடுத்த பங்கில் கொஞ்சம் போட்டுக்கொண்டேன். ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, வண்டி இருமி நின்றுவிட்டது.

தள்ளிக்கொண்டு திரும்பி வந்து, பெட்ரோல் போட்ட அந்தப் பெண்மணியிடம் கத்தினேன். "தண்ணி கலந்து விக்கிறியா?"

"சார், சீசால புடிச்சிக் காட்றேன். பாத்துட்டு அப்பறம் பேசு."

"உன் சீசாவை நீயே வெச்சுக்கோ!"

கூட்டம் கூடிவிட்டது. முதலாளி வெளியே வந்தார். நாளையிலிருந்து வராதே என்று அந்தப் பெண்மணியிடம் தெலுங்கில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பெண்மணி என் மனைவியைப் பார்த்தார். "அம்மா வெயில்ல நின்னுக்கினு இருக்காங்க. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. வண்டிய நான் மெக்கானிக்கு கைல விட்றேன்" என்று, தானே சாலைக்கு ஓடித் திருப்பதி பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினார். மனைவியை ஏற்றிவிட்டு நானும் ஏறினேன்.

மனைவியை அங்கே மகள் வீட்டில் விட்டுவிட்டு மறுநாள் காலை வந்தேன். மெக்கானிக் டாங்கில் இருந்ததைப் பாட்டிலில் பிடித்து வைத்திருந்தார். அடியில் தனியாக ஒரு படலம். பிறகு என் கேனின் அடியில் ஒட்டி மிஞ்சியிருந்த கொஞ்சத்தை இன்னொரு பாட்டிலில் ஊற்றினார். அதிலும் அதே படலம்.

"கேன கழுவுனியா சார்?"

கழுவியிருந்தேன். சரியாகக் காயவைக்கவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் பட்டால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவன் நான்.

பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. அதையும் இங்கே ஒளிக்கவில்லை.

முதலாளியின் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் போன் செய்து, வேலைக்கு வந்துவிடு என்று சொல்லி அந்தப் பெண்மணியை வரவழைத்தார். அறையிலேயே கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன்.

அந்தப் பெண்மணி தலையாட்டவில்லை. "நீ கத்தனப்ப எல்லாரும் இருந்தாங்க சார். வெளிய வந்து சொல்லு. இல்லாட்டி நாளைக்கு வேற யாராவது வந்து தண்ணிக்காரின்னு சொல்வான்."

வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே போய் நின்றேன். தப்பு என் கேனில், இவர் போட்ட பெட்ரோலில் இல்லை என்று தமிழில் சொன்னேன். "தெலுங்குலயும்" என்றார். தெலுங்கிலும் சொன்னேன். பின்னாலிருந்து ஒருவர், திருமலையில் சன்னதியில் நின்றுவிட்டவரை விரட்டுவதுபோல, "ஜருகண்டி சாமி, ஜருகண்டி! ஆபீசுக்கு லேட்டாவுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்மணியும் சிரித்துவிட்டு, சீருடைக் கோட்டை மாட்டிக்கொண்டு, முதல் வண்டியின் மூடியைத் திறக்கச் சொன்னார்.

அறைக்குள் முடித்துக்கொள்ள என்னை அவர் விடவில்லை. அதற்குத்தான் இந்த நன்றி.