இருமல் கேட்கும் சிம்பொனி

என் கணவர் நெல்லிக்குப்பம் சாலையில் விழுந்தபோது அவருக்கு முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. டிரெய்லரிலிருந்து சரிந்த கட்டு ஒன்று ரோட்டில் கிடக்க, இவர் வண்டி அதில் ஏறிப் புரண்டுவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கு அழைத்து வந்தோம். சில மாதங்களுக்குக் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. தினமும் பஸ்ஸில் போய் வருபவள். நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தேன்.

முன்னறையில் கட்டிலைப் போட்டோம். அந்த அறைக்கு ஒரே ஜன்னல். திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும், கை நீட்டினால் தொட்டுவிடலாம். நான் அடுப்படிக்குப் போனால் ஐந்து நிமிஷத்தில் கூப்பிடுவார். தண்ணீர் வேண்டும், தலையணையை நகர்த்த வேண்டும், ஃபேனைக் குறைக்க வேண்டும். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் ஒரு சட்டியில் தாளிப்பை முழுசாக முடித்த நாள் எனக்கு நினைவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் கொழுந்தனார் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பெரிய பையோடு வந்தார். அவருக்குக் கனடாவில் வேலை கிடைத்திருந்தது, வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். பையில் ஒரு சிடி பிளேயர், இரண்டு ஸ்பீக்கர், நான்கு அட்டைப் பெட்டிகளில் சிடிக்கள்.

"எல்லாம் ஒரே ஆள் எழுதுன சிம்பொனிங்கதான் அண்ணி. நாலு பேரு நாலு விதமா நடத்தியிருக்காங்க. நான் ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு செட்ட அண்ணன் எடுத்துக்கட்டும். மிச்சத்த பாண்டியில ஒரு ஃப்ரெண்டு கேட்டிருக்கான்."

"நடத்துறதுன்னா?"

"கண்டக்டர், அண்ணி."

எனக்குச் சிதம்பரம் பஸ்ஸில் விசில் ஊதுகிறவர்தான் ஞாபகம் வந்தார். சொன்னேன். அந்த வீட்டில் அன்றைக்குத்தான் வெகுநாள் கழித்துச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

என் கணவர் சிறுவயதில் சர்ச் பாடகர் குழுவில் பாடியவர். ஸ்வரக் குறிப்பு பார்த்துப் படிக்கத் தெரியும். தொழிற்பேட்டையில் ஒரு ஆலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. இரண்டும் சேர்ந்துகொண்டன. நான்கு செட்டையும் முழுசாகக் கேட்டு, ஒப்பிட்டு, எது சிறந்தது என்று முடிவு செய்யப்போவதாகச் சொன்னார். முதல் சிம்பொனியை முதல் செட்டில் கேட்பது, அதையே இரண்டாவது செட்டில், பிறகு மூன்றாவது, நான்காவது. அப்புறம்தான் இரண்டாவது சிம்பொனி. சிடி பிளேயர் எதிர்ச்சுவர் ஓரம் மேஜைமேல் இருந்தது. அதற்கு ரிமோட் கிடையாது. தட்டை மாற்ற, நிறுத்த, திரும்பப் போட நான்தான் எழுந்திருக்க வேண்டும்.

"நீயும் உக்காரு. இந்த எடத்துல வயலின் எப்படி வருதுன்னு கேளு."

"அடுப்புல பருப்பு கெடக்குதுங்க."

"நிறுத்திட்டு வா."

இப்படி ஒவ்வொரு பிற்பகலும் அந்த அறையில் போனது. முதலில் எனக்கு நான்கும் ஒன்றுபோலவே கேட்டன. நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே அந்தப் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் காரை பெயர்ந்த இடம் ஒரு மாட்டின் முகம்போல இருக்கும். பள்ளியில் இந்நேரம் ஏழாவது பீரியட் நடக்கும் என்று நினைத்துக்கொள்வேன். இசை உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் அது முடியப்போகிறது என்று நம்புவேன். முடியாது. திரும்ப மெதுவாக ஆரம்பிக்கும். எழுந்து வாசல் கதவைத் திறந்துகொண்டு எங்காவது நடந்து போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் அவருக்குச் சிறுநீர் வந்தால் யார் பாத்திரம் பிடிப்பது?

அவருடைய தீர்ப்பு சீக்கிரமே தெரிந்துவிட்டது. முதல் செட் ஸ்டுடியோவில் பதிவானது, துளி பிசிறு இல்லை. மூன்றாவது ரொம்பப் பழசு, இரைச்சல் ஜாஸ்தி. நான்காவது ஊர்கிறது. இரண்டாவது அரங்கத்தில் ஆட்கள் முன்னால் வாசித்ததை அப்படியே பதிவு செய்தது. அதை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "இருமுறான் பாரு. இதப் போய் ரெக்கார்டுன்னு வித்திருக்கான்" என்பார்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கெடிலம் ஆற்றில் வெள்ளம் என்றார்கள். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பால் பாக்கெட் வரவில்லை, யாரும் வரவில்லை. இன்வெர்ட்டரில் ஒரு லைட்டும் சிடி பிளேயரும் மட்டும் ஓடின. அன்றைக்கு இரண்டாவது செட்டின் முறை. மெதுவான பாகம் ஒன்று முடியும் இடம். எல்லா வாத்தியமும் அடங்கி, ஒரு குழல் மட்டும் மிச்சமிருந்தது. அது லேசாகத் தடுமாறியது. பிறகு நிசப்தம். அந்த நிசப்தத்தில் யாரோ ஒரு பெண் இருமினாள். அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் வந்த இருமல். ஒரு நாற்காலி கிரீச்சென்றது. நூற்றுக்கணக்கானவர்கள் மூச்சு விட்டு அசைந்து உட்காரும் சத்தம்.

நான் அங்கே இருந்தேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து இருக்கையில், ஈரக் கோட்டு வாசனைக்கு நடுவில், எனக்குத் தெரியாத ஊரில் உட்கார்ந்திருந்தேன். பல வாரங்கள் கழித்து மனிதர்கள் நடுவில் இருந்தேன். கண்ணில் நீர் வந்தது.

"பாத்தியா, இருமுறா" என்றார் அவர். நான் எழுந்து போய்த் தட்டை மாற்றினேன்.

அதற்குப் பிறகு இரண்டாவது செட்டின் முறை எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். அவரிடம் சொல்லவில்லை.

கனடா கிளம்புவதற்கு முந்தின வாரம் கொழுந்தனார் வந்தார். என் கணவர் அப்போது தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்காரத் தொடங்கியிருந்தார். முதல் செட் என்று சொல்லி, அதன் காரணங்களையும் விளக்கினார். கொழுந்தனார் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எது புடிச்சுது அண்ணி?"

"அவளுக்கு என்னா, எல்லாம் ஒண்ணுதான்" என்றார் என் கணவர்.

"ரெண்டாவது" என்றேன்.

என் கணவர் என்னைப் பார்த்தார். "இருமுவாங்களே, அதா?"

"அதான்."

"குழல் ஊதுறவன் தப்பு பண்றான் அதுல. உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. அவன் மனுஷன்னு தெரிஞ்சுது."

கொழுந்தனார் ஒரு பெட்டியைத் தூக்கினார், வைத்தார். கடைசியில், "உடம்பு முடியாம இருக்கறது அண்ணன்தான, அவர் சொல்றதே இருக்கட்டும் அண்ணி" என்றார். இரண்டாவது செட் பைக்குள் போனது. காபி போட்டுக் கொடுத்தேன்.

மாசி வாக்கில் என் கணவர் வாக்கரை விட்டார். பிறகு தடி, பிறகு அதுவும் இல்லை. காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடக்கப் போனார், ஆலையிலும் திரும்பச் சேர்ந்தார். சிடி பிளேயரை ஒரு நாள்கூடத் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் முதல் செட்டையாவது போட்டுப் பார்க்கலாம் என்று போட்டேன். வயலின் எழும்பியதும் உள்ளேயிருந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நிறுத்து. அதக் கேட்டா மல்லாந்து படுத்துக்கெடக்கற மாதிரியே இருக்குது."

நிறுத்தினேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் உடனே செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் அந்த அறையில் நின்றேன். கட்டிலை எடுத்துவிட்டோம், சுவர் அங்கேயே இருந்தது.

நானும் பள்ளிக்குத் திரும்பியிருந்தேன். இரண்டாவது செட்டை ஃபோனில் தேடினேன், கிடைத்தது. பஸ்ஸில் இயர்ஃபோன் மாட்டிக் கேட்டுப் பார்த்தேன். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் மெல்லிய இடங்களையெல்லாம் ஹாரன் தின்றுவிட்டது. அதனால் பள்ளி விட்டதும், வேதியியல் ஆய்வுக்கூடத்தைப் பூட்டுவதற்கு முன்னால், ஸ்டூலில் உட்கார்ந்து ஒரே ஒரு பாகம் கேட்க ஆரம்பித்தேன். வழக்கமான பஸ் போய்விடும். அடுத்ததைப் பிடிப்பேன்.

"தினமும் லேட் ஆவுதே" என்றார் ஒரு சாயங்காலம்.

"ஸ்கூல்ல ஒக்காந்து சிம்பொனி கேட்டுட்டு வரேன்."

"வீட்ல கேக்கறதுக்கு என்னா?"

"வீட்ல நீங்க கேக்க விட மாட்டீங்க."

"நான் நடக்கப் போறப்ப கேட்டுக்கயேன்" என்றார்.

"அந்த நேரத்துலதான் உங்களுக்கும் எனக்கும் டிபன் கட்டுறேன்."

மறுநாளும் அடுத்த பஸ்ஸில்தான் வந்தேன். அவர் சோற்றுக்கு உலை வைத்திருந்தார். அரிசி மட்டும் போடவில்லை, எவ்வளவு என்று தெரியாதாம்.