காட்சியாகம வகுப்பும் கல்யாண ஓலையும்

கோயில் உபதேசியார் வேலையில் செபம் சொல்லிக்கொடுப்பது சுலபம், பாட்டுப் பழக்குவது கொஞ்சம் கஷ்டம், யேசுவின் சீடர் அருளப்பர் உலக முடிவைப் பற்றி எழுதிய காட்சியாகமத்துக்குப் பொருள் சொல்வது வம்பை விலைக்கு வாங்குவது. ஞாயிறு பூசை முடிந்து பெரியவர்களுக்கு ஞானோபதேசம் நடத்திய புண்ணியவான்கள் யாராவது இதைப் படித்தால், நான் பட்ட பாடு அவர்களுக்குப் புரியும். 1957-இல் புதுச்சேரியில் எங்கள் பங்கில் அந்த வகுப்பைத் தொடங்கினேன். மிருகம், முத்திரை, எக்காளம் எல்லாம் அடையாளங்கள், அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டேன். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

கடல் இல்லாத மோட்சம்

முதல் வாரமே ஜனங்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று கடைசி அதிகாரங்களிலிருந்து ஆரம்பித்தேன். புதிய வானமும் புதிய பூமியும் வரும், அப்போது கடல் இராது என்றேன். முன்வரிசையில் இருந்த அந்தோணி எழுந்து நின்றுவிட்டார். குருசுக்குப்பத்துக்காரர், நாற்பது வருஷமாக மீன்பிடிக்கப் போகிறவர். அங்கே கடல் என்பது ஆபத்துக்கும் குழப்பத்துக்கும் அடையாளம், நம்முடைய கடல் எங்கேயும் போகாது என்று அரைமணி நேரம் தொண்டை வறளச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"எழுதின அருளப்பரும் வல இழுத்தவருதானே. கடலு வாணாம்னு எழுத அவருக்கு எப்படி மனசு வந்துச்சி?"

கொடி இறங்கிய நாள்

என் உண்மையான தலைவலி முசே (எங்கள் ஊரில் ஐயா என்பதற்கு அப்படித்தான்) சவரிநாதன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இந்தோசீனா வரை போய் வந்த பழைய சொல்தா. பரிசுத்த நகரத்தை அந்நியர்கள் நாற்பத்திரண்டு மாதம் மிதிப்பார்கள் என்ற இடம் வந்தது. நாற்பத்திரண்டு மாதம் என்றால் மூன்றரை வருஷம், ஏழில் பாதி, அதாவது என்றைக்காவது முடிந்துபோகும் துன்பத்துக்கு அடையாளம் என்றேன். அவர் காதில் எண் மட்டும் விழுந்திருக்கிறது. அடுத்த வாரம் ஒரு முடிவோடு வந்தார். பரிசுத்த நகரம் புதுச்சேரி. மிதிப்பவர்கள் டில்லி ஆபீசர்கள். பிரெஞ்சுக் கொடி இறங்கிய 1954 நவம்பர் முதல் தேதியிலிருந்து எண்ணினால், 1958 மே முதல் தேதி உலகம் முடிகிறது.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவருடைய ஒரே மகள் ரோசாலியை ரெட்டியார்பாளையத்து வாத்தியார் ஒருவருக்கு நிச்சயம் செய்து, கல்யாணம் நடத்தாத தபசுகாலத்துக்கு முன்னால், ஜனவரியிலேயே கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். மே மாதம் தாண்டட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று மனிதர் தள்ளிவிட்டார். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது, கடலூரில் வேறு பெண் இருக்கிறது என்று மாப்பிள்ளையின் தாயார் சொல்லியனுப்பிவிட்டார். ஏன் இப்படிப் பிடிவாதம் என்று சவரிநாதனைக் கேட்டேன். அவர் மனைவி போனதே பிரசவத்தில்தான் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவில்லை. அவர் சொன்னார்:

"அந்த நாள்ல வயித்துப்புள்ளக்காரிங்க பாடு ரொம்ப கஷ்டம்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு முசே. எம் பொண்ண அந்தக் கதியில விடச் சொல்றீங்களா?"

சாமியார் கூப்பிட்டனுப்பினார்

விஷயம் பெரிய மார்க்கெட் மீன்கடை வரை போய்விட்டது. இரண்டு பேர் வீட்டுக் கூரை மாற்றுவதை நிறுத்திவிட்டார்கள். பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் தேதியே சொல்லவில்லை, அடையாளம் என்றுதான் சொன்னேன் என்று மன்றாடினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஞானோபதேசம் கேட்டு நடந்த கல்யாணம் நெறைய பாத்திருக்கேன். நின்னுபோன கல்யாணம் உங்க வகுப்புலதான் பாக்கறேன்."

ரோசாலியின் சந்தேகம்

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு ரோசாலியே வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். மரித்தவர்களுக்கு முன்னால் புத்தகங்கள் திறக்கப்படும், அவரவர் செய்ததெல்லாம் அதில் இருக்கும் என்று நான் படித்து முடித்ததும் எழுந்தாள். செய்யாமல் விட்டதும் அதில் எழுதியிருக்குமா என்று கேட்டாள். இருக்கும் அம்மா, அதுவும் கணக்குதான் என்றேன். அவள் அப்பா பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை, கண் மட்டும் கலங்கியிருந்தது.

"கேட்டுக்கிட்டீங்களாப்பா? அன்னிக்கு ஆண்டவர் ஏம்மா இப்படி தனியா நிக்கறேன்னு கேட்டா, நான் உங்களத்தான் கைகாட்டுவேன்."

சவரிநாதன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவர் நேராகச் சாமியார் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார். அங்கே அவர் சொன்னதைச் சாமியாரே பிறகு எனக்குச் சொன்னார்:

"வர்ற ஞாயித்துக்கெழமையே மொத கல்யாண ஓலைய வாசிச்சிடுங்க சாமி. பட்டாளத்துலகூட எனக்கு இப்படி ஒரு மெமோ வந்ததில்ல."

மே முதல் தேதி

மாப்பிள்ளையின் தாயாரும் கடலூர்ப் பேச்சை விட்டுவிட்டார். மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பாக மூன்று ஓலை வாசித்து, ஜனவரியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மே மாதம் முதல் தேதி சாயங்காலம் சவரிநாதன் வீட்டுப் பக்கம் போனேன். மகளை முந்தின நாளே வரவழைத்திருந்தார். அவளுக்கு மூன்று மாதம். அவள் உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இவர் பழைய யூனிபாரமும் மெடல்களுமாக வாசலை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து எழுந்திருக்கவில்லையாம். எது வந்தாலும் தன்னைத் தாண்டித்தான் மகளிடம் போக வேண்டும் என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார். கிண்டல் செய்யத்தான் போயிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளிருந்து மகள் ஏதோ கேட்டுச் சிரித்த சத்தம் வந்தது. அவர் மெடல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"கணக்குல பெழ இல்ல முசே, ஆரம்பந்தான் தப்பு. கொடிய எறக்கினதோட சரி, பாரீஸ் பார்லிமெண்டு இன்னும் ஒத்துக்கல. சட்டப்படி ஊரு இன்னும் கைமாறவே இல்ல. அவங்க ஒத்துக்கிட்டு, அதுக்கப்பறம் நாப்பத்திரண்டு மாசம் ஆவறதுக்குள்ள எம் பேரப்புள்ள பள்ளிக்கூடத்துக்கே போயிடும்."

பாரீஸ் சம்மதிக்க 1962 ஆயிற்று, அதற்குள் மூன்று பேரப்பிள்ளைகள் அவர் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டதால், உலகம் முடியும் தேதியைக் கண்டுபிடிக்க எங்கள் பங்கில் யாருக்கும் நேரமில்லாமல் போயிற்று.